ஒட்டலாம், கோர்க்கக் கூடாது

"துப்பு! துப்புடி கண்ணு, துப்புன்னா துப்பு!"

சித்தியின் ஆள்காட்டி விரல் சிட்டுவின் கடைவாய் வரை போய்விட்டது. இடது கையால் குழந்தையின் பின்கழுத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். விரலுக்கு எச்சில் கிடைத்தது. ஆடிக்கொண்டிருந்த பால் பல் ஒன்று கிடைத்தது. தேடியது மட்டும் கிடைக்கவில்லை.

"என்னடி வச்சிருந்தே வாயில?"

"ஒண்ணுமில்ல."

"சிவப்பா தெரிஞ்சுதே. பொய் சொல்லாதே. மணியா?"

சிட்டு தொண்டையை ஒருமுறை ஏற்றி இறக்கினாள். "முழுங்கிட்டேன்."

"எத்தனை?"

"தெரியல." உதடு பிதுங்கியது. "நீதான் கத்தினே. அதான் உள்ள போயிடுச்சு."

சித்தி அதற்கு மேல் கேட்கவில்லை. ஆறு வயதுக் குழந்தையை இடுப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு படுக்கையறையிலிருந்து முன்னறைக்கு ஓடினாள். அங்கே பல்செட்காரர் மெழுகு அச்சில் ஒரு கீழ்த்தாடைக்குப் பல் பதித்துக்கொண்டிருந்தார். சிட்டுவின் அப்பா. சித்திக்குப் புருஷன்.

"என்னங்க, வண்டி பிடிங்க. சிட்டு குன்றிமணிய முழுங்கிட்டா."

"மணியத்தானே? நாளைக்கு வெளிய வந்துட்டுப் போகுது. இதுக்குப் போய்..."

"வண்டி பிடிங்கன்னு சொல்றேன்!"

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை. பல்செட்காரர் கையிலிருந்த தாடையை அப்படியே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

வண்டி கிளம்பும்போது சிட்டுவின் அக்கா, பெரியவளும் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பத்து வயது. வண்டி தெருமுனை திரும்பும்போது பல்செட்காரரின் அக்கா எதிரே வந்தாள். கையைக் காட்டி நிறுத்தி, என்ன ஏது என்று பாதி கேட்டு, மீதியைக் கேட்க அவளும் ஏறி உட்கார்ந்தாள். ஐந்து பேர் நெருக்கியடித்த வண்டியில், கண்ணாடியைத் துடைக்கும் கட்டை மட்டும் பேசிக்கொண்டு போனது.

சித்தி சிட்டுவின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். முழு மணி ஒன்றும் செய்யாது. முழு மணி ஒன்றும் செய்யாது. மந்திரம் மாதிரி அதையே சொல்லிக்கொண்டாள்.

அவள் பூக்கடையில் வேலை செய்பவள். பூச்செண்டு, மலர் வளையம், காய்ந்த இலையும் விதையும் வைத்துக் கட்டும் கதவு அலங்காரம் எல்லாம் அவள் கைக்கு வரும். கடைக் கொல்லையின் சுவரில் குன்றிமணிக் கொடி படர்ந்திருக்கிறது. காய் வெடித்து, கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு மணிகள் எட்டிப் பார்க்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளியம்மா சொல்லிவிட்டாள்:

"இதை ஒட்டலாம், கோர்க்கக் கூடாது. முழுசா இருக்கற வரைக்கும் கூழாங்கல்லு. ஓட்டை போட்டா உள்ள இருக்கறது விஷம். என் கடையில இதுக்கு ஊசி கிடையாது, ஆமா."

அந்தக் கடையில் அதற்கு ஊசி கிடையாது. அவள் வீட்டிலும் கிடையாது.

வருஷக் கடைசி விடுமுறைக்கு அவர்கள் தெருவில் எல்லாக் கதவிலும் ஏதாவது தொங்கும். பல்செட்காரர் வீட்டுக் கதவு மட்டும், பிள்ளைகளின் அம்மா போனதிலிருந்து மொட்டையாக நின்றது. சித்தி வந்து இது முதல் விடுமுறை. "கடையில ஜிகினா வாங்க வேண்டாம். நாமளே செய்யலாம். எல்லாமே மரத்துலேருந்து கிடைக்கறதா இருக்கணும்" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க செய்யுங்க. நான் படிக்கணும்" என்றாள் பெரியவள். சிட்டு இரண்டாம் மாதமே 'நீ'க்கு வந்துவிட்டாள். பெரியவள் இன்னும் 'நீங்க'தான். அந்த 'ங்க'வில் ஒரு கதவு சாத்தியிருந்தது.

மழை நின்ற இடைவெளிகளில் சித்தியும் சிட்டுவும் வாய்க்கால் கரைக்குப் போனார்கள். சவுக்குக் காய் பொறுக்கினார்கள். ஈரத்தில் மூடிக்கொண்டிருந்த காய்களை அடுப்பு அனலில் பரப்பினால், ஒவ்வொன்றாக டிக் டிக்கென்று வாய் திறக்கும். வாதாம் மரத்தடியில் சிவந்து விழுந்த இலைகளைப் பொறுக்கி, தலையணைக்கடியில் வைத்து நசுக்கித் தட்டையாக்கினார்கள். ஆரஞ்சை வட்ட வட்டமாக அரிந்து இரும்புச் சட்டியில் சிறு தீயில் காயவைத்தார்கள். வீடு முழுக்க, பல்செட்காரரின் மெழுகு நாற்றத்தையும் மீறி ஆரஞ்சு மணத்தது. மைதாவைக் காய்ச்சிப் பசை கிண்டினாள். சவுக்குச் சுள்ளியை வளைத்து நாரால் கட்டி வளையம் செய்தாள்.

பெரியவள் எந்த நேரத்தில் புத்தகத்தை மூடினாள் என்று தெரியவில்லை. பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சுத் தோலில் பல் பல்லாக வெட்டி, உதட்டுக்குள் செருகிக்கொண்டு, "அப்பா, மேல் வரிசை லூசா இருக்கு, சரி பண்ணிக் குடுங்க" என்றாள். முன்னறையிலிருந்து பல்செட்காரர், "பழைய பல்லை எல்லாம் திருப்பி எடுக்கறதில்லம்மா" என்று குரல் கொடுத்தார். சிட்டு சிரித்துச் சிரித்துப் பசைக் கிண்ணத்தில் கையை விட்டாள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்த்தாள். கண் கலங்கியதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம்.

மறுநாள் அவள் கடையிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்ததுதான் குன்றிமணி. வளையத்துக்குச் சிவப்பு வேண்டாமா?

"இதை ஒட்டலாம், கோர்க்கக் கூடாது" என்று கிண்ணத்தில் கொட்டும்போதே சொன்னாள். "ஊசி, ஆணி, எதுவும் கிட்ட வரக் கூடாது."

"ஏன்?" என்றாள் சிட்டு.

சொல்லியிருக்க வேண்டிய சொல் நாக்கு நுனி வரை வந்தது. விஷம். ஆனால் அந்த வீட்டில், அவள் வாயால், அந்தச் சொல்லா? கல்யாணமாகி வந்த முதல் வாரமே நாத்தனார் அடுக்களை வாசலில் நின்று சொல்லியிருந்தாள்: "என் தம்பி பிள்ளைங்க தட்டுல நீ என்ன போடறேன்னு நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்." விஷம் என்று ஒரு பேச்சு காற்றில் போனால் போதும். இரண்டாம் தாரம், இரண்டு பெண் பிள்ளைகள், கிண்ணம் நிறைய விஷம். தெருவுக்கு வேறென்ன வேண்டும்?

"விதைக்கு வலிக்கும்" என்றாள்.

"விதைக்கு வலிக்குமா?" பெரியவள் புருவத்தைத் தூக்கினாள். "அப்ப பசை தடவினா கூசுமா?"

"கூசும். அதான் பாரு, வழுக்கி வழுக்கி ஓடுது."

முன்னறையில் பல்செட்காரர் சத்தமாகச் சிரித்தது கேட்டது. "உங்க சித்தி விதைக்கெல்லாம் டாக்டர்டி!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இப்போது நிஜ டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்ட, வேகமாகப் பேசுகிற பெண்.

"என்ன விதை? குன்றிமணியா? நல்லாத் தெரியுமா?"

"தெரியும் டாக்டர். நான்தான் கொண்டு வந்தேன்."

"பாப்பா, மென்னியா?"

"இல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு" என்றாள் சிட்டு.

"நல்லாக் கேட்டுக்கோங்க." டாக்டர் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "முழு விதைன்னா பயமில்ல, அப்படியே வெளிய வந்துடும். ஓட்டை போட்டது, விரிசல் விட்டது, ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் கதை வேற. அப்படின்னா இப்பவே வயித்தைக் கழுவி, கரி மருந்து குடுத்து, உள்ள படுக்க வச்சுடணும். இது கொடிய விஷம். இதுக்கு மாத்து மருந்து கிடையாது. முழுசா, ஓட்டை போட்டதா?"

ஜன்னலில் மழை அடித்தது. பெரியவள் நகத்தைக் கடித்தாள். பல்செட்காரர் சொட்டிக்கொண்டிருந்த குடையை மடக்கி, அதன் கொக்கியை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மாட்டவில்லை.

"முழுசு டாக்டர்" என்றாள் சித்தி. "என் வீட்டுல ஒரு மணிக்குக்கூட ஊசி வச்சதில்ல. எல்லாம் பசையில ஒட்டினதுதான். சத்தியமா சொல்றேன்."

"அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாந்தி, வயித்துவலி, எது வந்தாலும் உடனே வரணும்."

வெளியே வந்ததும் நாத்தனார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "கொடிய விஷம்னு சொன்னாங்களே. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"முழுசா இருந்தா ஒண்ணும் இல்ல அண்ணி..."

"அதைக் கேக்கல. விஷம்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சே கொண்டு வந்து கிண்ணத்துல போட்டு, குழந்தை கைக்கு எட்டற மாதிரி வச்சே." நாத்தனார் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுக்கோடா. நல்லாக் கேட்டுக்கோ."

பல்செட்காரர் குடையை மறுபடி விரித்தார். "வாங்க போகலாம், நனையுது" என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சிட்டு ரசஞ்சோறு கேட்டாள். சாப்பிட்டாள். அக்காவின் முதுகில் ஏறிக் குதிரை ஓட்டினாள். சித்தி கிண்ணத்தில் மிச்சமிருந்த மணிகளைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். வளையத்தில் ஒட்டியிருந்தவற்றையும் ஒன்று விடாமல் பிய்த்தெடுத்தாள். பெரியவள் பக்கத்தில் வந்து நின்று, "அத்தை சொன்னதை மனசுல வச்சுக்காத சித்தி" என்றாள்.

வச்சுக்காத. 'ங்க' இல்லை. சித்தி மண் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று நம்பினாள்.

விடிந்தபோது சிட்டு தலையணை நனைய வாந்தி எடுத்திருந்தாள். இரண்டாவது தடவை வந்ததில் சிவப்பு இருந்தது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரித் தாழ்வாரம்தான் வீடு. சுவரோரம் பச்சைப் பெஞ்சு, தேய்ந்த தரை, பினாயில் வாடை, ஒழுகும் கூரைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. கண்ணாடி வைத்த கதவுக்கு அப்பால் சிட்டு. கையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய். முதலில் அழுதாள். பிறகு முனகினாள். பிறகு அதுவும் குறைந்தது. குழந்தை ஒன்றுக்குப் போகவில்லை என்று நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, அவர்கள் ஓடிய ஓட்டத்தில் தெரிந்தது.

நாத்தனார் கஞ்சி கொண்டு வந்தாள். பெரியவளுக்கு ஊற்றினாள், தம்பிக்கு ஊற்றினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தம்மாவுக்கும் குடுங்க" என்றார் பக்கத்துப் பெஞ்சுக்காரர் ஒருவர், உறவு தெரியாமல் சித்தியைக் காட்டி.

"அவளுக்கு எதுக்கு? அவ வயிறு நிறைஞ்சுதான் இருக்கும்" என்றாள் நாத்தனார்.

பல்செட்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாளியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்திருந்தார். குடிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

டாக்டர் வெளியே வந்தாள். இந்த முறை வேகமில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"முழு விதை இப்படிச் செய்யாதும்மா" என்றாள். "சிறுநீரகம் நின்னுபோச்சு. ஈரல் போயிட்டிருக்கு. அன்னைக்கு அவ்வளவு தெளிவாக் கேட்டேனே. ஓட்டை இருந்திருக்கு. யாரு போட்டது?"

எல்லாக் கண்ணும் சித்தி மேல் வந்து விழுந்தன.

"இல்ல டாக்டர். ஒட்டினதுதான்..."

"ஒட்டினது இங்க வராது."

"வாயைத் திறந்து சொல்லித் தொலையேண்டி!" நாத்தனார் எழுந்துவிட்டாள். "இன்னும் யாருக்காக மறைக்கறே?"

சித்தி நினைவைத் துழாவினாள், அன்று குழந்தையின் வாயைத் துழாவியது போலவே. கிண்ணம். பசை. சவுக்குச் சுள்ளி. வளையத்தை நாரால் இறுக்கிக் கட்டும்போது பெரிய ஊசி ஒன்றைக் கையில் எடுத்தாள். எடுத்தாள்தான். அது எங்கேயாவது வழுக்கி... ஒரு மணியில் பட்டு... பட்டிருக்குமோ? மூன்று நாள் தூங்காத கண்ணுக்கு, படாத ஊசியும் பட்டது போலவே தெரிந்தது. ஊசி முனை சிவப்பில் இறங்குவது கண்முன் ஓடியது. கறுப்புப் பொட்டுக்குப் பக்கத்தில், மெல்ல.

"நான்தான்" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "நானாத்தான் இருக்கணும். வளையம் கட்டும்போது ஊசி... வேற யாரு இருக்கா அந்த வீட்டுல?"

"கேட்டியாடா?" நாத்தனார் மார்பில் அறைந்துகொண்டாள். "அவ வாயாலயே சொல்லிட்டா. கேட்டியா?"

பல்செட்காரர் வாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெரியவள் அப்பாவின் பக்கத்திலிருந்து எழுந்து, சித்தியைக் கடந்து, அத்தையிடம் போய் நின்றுகொண்டாள்.

டாக்டர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டாள். பிறகு, "ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள். "பாப்பா கொஞ்சம் தெளிவா இருக்கா. சித்தியத்தான் கேக்கறா. நீங்க முதல்ல போங்க."

ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது எதற்கென்று அங்கே யாருக்கும் விளக்கத் தேவை இருக்கவில்லை.

சிட்டுவின் முகம் வீங்கி மஞ்சளாகிவிட்டது. உதட்டில் வெடிப்பு. சித்தி பஞ்சை நனைத்து அதில் ஒற்றினாள்.

"சித்தி."

"சொல்லுடா கண்ணு."

"லீவு நாள் வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இப்ப சொல்லக் கூடாது." கண்ணை மூடினாள். மறுபடி திறந்தாள். "சொல்லட்டுமா?"

"சொல்லு."

"உனக்கு ஒரு மாலை. சிவப்பு மாலை. தலைகாணி உறைக்குள்ள இருக்கு. இன்னும் முடிக்கல."

சித்தியின் கை நின்றது.

"பசையில ஒட்டினா மாலை வராதுல்ல? அதான் அப்பா ஓட்டை போட்டுத் தந்தாரு. பல்லுக்குப் போடறதுல. உர்ர்ருனு சுத்துமே, அதுல. வலிக்கவே இல்லடி, பாருன்னாரு." மூச்சு வாங்கியது. "நூல் உள்ள போகல. நீ செய்யற மாதிரி எச்சில் வச்சேன். நூலுக்கும் வச்சேன், மணிக்கும் வச்சேன். நீ கதவைத் திறந்துட்டியா... நீ பாக்கக் கூடாதுன்னு வாயில ஒளிச்சுக்கிட்டேன்."

"வாயிலயா?"

"கையில நூல் இருந்துச்சு." பிறகு, கோபம் தணிக்கும் குரலில்: "நீ கத்தினதுக்கு நான் கோவிச்சுக்கல."

சித்தி குனிந்து அந்த நெற்றியில் தன் கன்னத்தை வைத்தாள். கொதித்தது. "மாலை ரொம்ப நல்லா இருக்குடா" என்றாள்.

"நீ இன்னும் பாக்கவே இல்லையே."

"பாத்தேன். பாத்துட்டேன்."

நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். அவள் வெளியே வந்தாள். நாத்தனார் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு, சித்தியை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே போனாள். ஒவ்வொருவராக என்று நர்ஸ் சொன்னதைக் கேட்கவில்லை. கதவு சாத்தியது. தாழ்வாரத்தில் இரண்டு பேர் மிச்சம்.

அவள் பெஞ்சில், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாலை கட்டினாளாம்" என்றாள்.

பல்செட்காரரின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. பேசத் தொடங்கியபோது நிறுத்தாமல் பேசினார். "அழுதா. சித்திக்குக் குடுக்கணும், நூல் போகலன்னு அழுதா. ஒரு கை நிறையப் போட்டுத் தந்தேன். விதைக்கு வலிக்கும்னு நீ சொன்னதாச் சொன்னா. குழந்தைங்ககிட்ட சொல்ற கதைதானேன்னு நெனச்சேன். நீ விஷம்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

அது அவளுடைய பங்கு. இனி அது அவளோடு எழும், அவளோடு படுக்கும்.

வாளியில் சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்போ" என்று மெல்ல ஆரம்பித்தாள். திட்டும் குரல் இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சல். "முழுசா, ஓட்டை போட்டதான்னு கேட்டாங்களே. அப்பவே வயித்தைக் கழுவிடலாம்னாங்களே. நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க. மழை வேற சத்தமா அடிச்சுது. குடையை மடக்கிட்டு இருந்தீங்க. அண்ணி வேற முறைச்சுட்டு இருந்தாங்க. அவங்க கேட்டது உங்க காதுல விழலதானே? விழலன்னு சொல்லுங்க. நான் நம்பிடறேன்."

பல்செட்காரர் இரண்டு உள்ளங்கையாலும் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"விழுந்துச்சு" என்றார்.